விலைபோன பெயரும் திருத்தும் கையும்

ஒரு பொருளைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? அதைச் செய்தவருக்கு உண்டு. அதை வாங்கியவருக்கும் உண்டு. விற்பவரோ ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இம்மூவரின் குரலும் நாள்தோறும் நம் செவியில் விழுகின்றன. ஆனால், அந்தப் பொருள் பழுதுபட்டபின் அதன் மூடியைத் திறந்து, உள்ளே எது உறுதி, எது போலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் கண்டறிகின்ற நான்காமவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அபிப்பிராயத்தைச் சமுதாயம் கேட்பதில்லை. கூலியைக் கொடுத்துவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

உலகப் புகழ்பெற்ற ஓர் அம்பிளிபையர் நிறுவனம் கைமாறியபோது, அந்த நான்காமவரின் குரல் வழக்கத்தைவிடச் சற்று உரத்துக் கேட்டது. அக்குரலில் உள்ள உண்மை எது, குறை எது, மலையகத்தில் வாழும் நமக்கு அதில் என்ன பாடம் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிகழ்ந்தவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்வோம். இலண்டனின் மேற்கே ஹான்வெல் என்னும் பகுதியில் மத்தளக் கலைஞராகவும் இசைக்கருவிக் கடைக்காரராகவும் விளங்கிய ஜிம் மார்ஷல், 1962இல் கிட்டாருக்குரிய அம்பிளிபையர்களைத் தயாரிக்கத் தொடங்கினார். அவர் 2012இல் காலமானார். 2023இல் அவரது நிறுவனத்தை ஸ்டொக்ஹோமைச் சேர்ந்த ஸவுண்ட் இண்டஸ்ட்றீஸ் வாங்கிக்கொண்டது. 2025 ஜனவரியில், இவ்விரண்டும் இணைந்த மார்ஷல் குழுமத்தின் பெரும்பான்மைப் பங்கை ஹொங்ஷான் என்னும் சீன முதலீட்டு நிறுவனம் வாங்குவதாக அறிவிக்கப்பட்டது. குழுமத்திற்கு அப்போது இடப்பட்ட மதிப்பு 110 கோடி யூரோ. மார்ஷல் குடும்பத்தார் ஐந்திலொரு பங்குக்குச் சற்று மேற்பட்ட பங்கை வைத்துக்கொண்டனர்.

இந்த வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. ஸவுண்ட் நிறுவனம் 2008இல் தோன்றியது. அது 2010இல் மார்ஷலின் பெயரை உரிமம் பெற்று, காதில் மாட்டும் ஒலிக்கருவிகளையும், பின்னர் கம்பியில்லா ஒலிபெருக்கிகளையும் விற்கத் தொடங்கியது. அவற்றின் விற்பனை பெருகிப் பெருகி, பெயரை இரவல் வாங்கியவர் பெயருக்குடையவரையே விலைக்கு வாங்கும் நிலை வந்தது. மேடையில் நின்று முழங்கிய கருவியின் புகழ், வீட்டு அலுமாரியில் வைக்கும் சிறு பெட்டிக்கு மூலதனமாயிற்று. ஆகவே 110 கோடி யூரோ என மதிப்பிட்டு வாங்கப்பட்டது எது என்ற வினா எழுகிறது. அம்பிளிபையர் செய்யும் பட்டறையா? அன்று. பெரும்பாலும், முகப்பில் வெள்ளை எழுத்தில் பொறிக்கப்பட்ட அந்தப் பெயரே வாங்கப்பட்டது.

இவ்வாறு விலைபோன பெயருக்கு ஆதியில் மதிப்பைத் தேடிக்கொடுத்தவர்கள் யார் என்பதைத் தேடிப் பார்த்தால் நாம் மீண்டும் அந்த நான்காமவரிடமே வந்து சேர்கிறோம்.  ஜிம் மார்ஷலின் முதல் அம்பிளிபையரை உருவாக்குவதில் முன்னின்றவர் கென் பிரான். அவர் அக்கடையில் பழுதுபார்த்து வந்த தொழிலாளி. அவருக்குத் துணையாக டட்லி கிரேவன் என்னும் இளைஞர் வேலை செய்தார். அவர்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் பெண்டர் நிறுவனத்து அம்பிளிபையரை. அந்நிறுவனத்தை நிறுவிய லியோ பெண்டர் யார்? 1938இல் கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். திருத்துபவர் உருவாக்கிய கருவியை இன்னொரு திருத்துபவர் திறந்து பார்த்து, கற்று, தம் நாட்டில் கிடைத்த பாகங்களைக் கொண்டு மறுபடி செய்தார். ஒரு தலைமுறையின் இசை இவ்வாறுதான் பிறந்தது. திறந்து பார்க்க முடிந்தமையே அதற்கு மூலகாரணம் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இனி, இந்த விற்பனை குறித்துத் திருத்தும் தொழிலாளர் கூறும் அபிப்பிராயங்களைக் கவனிப்போம். அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையினர் புலம்புகின்றனர்: "எல்லாம் முடிந்தது, இனிமேல் வருவது பெயரளவில் மட்டுமே மார்ஷல்" என்பது அவர்கள் கூற்று. இரண்டாம் வகையினர் அசையாதிருக்கின்றனர்: "அது என்றைக்கோ முடிந்துபோன கதை, நேற்று விற்றால் என்ன, இன்று விற்றால் என்ன?" என்கின்றனர். மூன்றாம் வகையினர் கேள்வி மட்டும் கேட்கின்றனர்: "சுற்று வரைபடம் கிடைக்குமா? ட்ரான்ஸ்போமர் கிடைக்குமா? இருபது ஆண்டுக்கு முந்திய கருவிக்குப் பாகம் அனுப்புவார்களா?" இம்மூன்றாம் வகையினரின் கேள்விகளே இவ்விடயத்தில் மிகச் சிறந்த விமர்சனம் என்பது என் துணிபு. அதற்குக் காரணம் காட்டுவது என் கடமை.

பெண்டரின் கதையே தக்க சான்று. 1965 ஜனவரியில் லியோ பெண்டர் தமது நிறுவனத்தைச் சீ.பீ.எஸ். என்னும் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடி 30 இலட்சம் டொலருக்கு விற்றார். அதன் பின்னர் தரம் குன்றியது என்பது இசைஞர் மத்தியில் ஏறத்தாழ ஒரு வேதவாக்காகிவிட்டது. 'விற்பனைக்கு முன்', 'விற்பனைக்குப் பின்' என்று காலத்தையே இரண்டாகப் பிரித்துவிட்டனர். ஆனால் மூடியைத் திறந்தவர்கள் அவ்வளவு எளிதாகத் தீர்ப்பளிக்கவில்லை. கறுப்பு முகப்பை அகற்றி வெள்ளி நிற முகப்பை வைத்த தொடக்க ஆண்டுகளில் உள்ளேயிருந்த சுற்றுகள் பல பழையனவே என்பதை அவர்கள் கண்டனர். பிந்திய மாற்றங்களிலும் எவை இசையைக் கெடுத்தன, எவை கெடுக்கவில்லை என்று பாகம் பாகமாகப் பிரித்துச் சொன்னார்கள். சில கண்டென்சர்களையும் தடைகளையும் மாற்றி, பழைய சுற்றையே மீண்டும் அமைத்துக் காட்டினார்கள். வாங்குபவர் முகப்பின் நிறத்தைப் பார்த்து விலை பேசிய காலத்தில், திருத்துபவர் உள்ளேயிருந்த கம்பியைப் பார்த்து உண்மை பேசினார்.

அதே நிறுவனத்தை 1985இல் பில் சுல்ட்ஸ் தலைமையில் அங்கு பணியாற்றிய ஒரு குழுவினர் சீ.பீ.எஸ்.ஸிடமிருந்து விலைக்கு வாங்கினர். புல்லர்டன் தொழிற்சாலைக் கட்டடம் அந்த விற்பனையில் அடங்கவில்லை. பெயரும் உரிமைகளும் எஞ்சியிருந்த பாகங்களும் மட்டுமே அவர்கள் கைக்கு வந்தன. உற்பத்தியை வேறிடத்தில் அவர்கள் புதிதாகத் தொடங்கவேண்டியிருந்தது. ஆயினும் அந்நிறுவனம் மீண்டெழுந்தது. ஆகவே, கைமாறுதல் எல்லாம் அழிவு என்று புலம்புவோரின் கூற்று வரலாற்றுக்குப் பொருந்தாது. யார் வாங்கினார், எதற்காக வாங்கினார், வேலை தெரிந்தவரை வைத்துக்கொண்டாரா என்பவையே முடிவைத் தீர்மானிக்கின்றன.

மார்ஷலின் சொந்த வரலாறும் இதையே வலியுறுத்துகிறது. ஆரம்பத்தில் அக்கருவிகளின் உள்ளே கம்பிகளையும் பாகங்களையும் கையாலேயே ஈயம் வைத்து இணைத்தார்கள். 1970களின் நடுப்பகுதிக்குள் அந்த இடத்தை அச்சிட்ட சுற்றுப் பலகை பிடித்துக்கொண்டது. அப்போது நிறுவனம் எவருக்கும் விற்கப்படவில்லை. ஜிம் மார்ஷலே உடைமையாளர். செலவைக் குறைத்து உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்ற சந்தையின் கட்டளைக்கு நிறுவியவரும் பணிந்தே தீர்ந்தார். உடைமையாளர் நல்லவரா கெட்டவரா என்பதோடு விசாரணையை முடித்துக்கொள்பவர்கள் இந்த உண்மைக்கு விடை சொல்லவேண்டும்.

அப்பலகையைப் பற்றியும் அனுபவம் மிக்கவர்கள் கண்மூடித்தனமாகப் பேசுவதில்லை. பலகை தடிப்பாகவும் தடங்கள் அகலமாகவும் இருந்தால் அதைத் திருத்தலாம் என்கின்றனர். சூடேறும் வால்வின் அடித்தளத்தையும், நாளெல்லாம் திருகப்படும் கட்டுப்பாட்டுக் குமிழையும் அப்பலகையிலேயே நேராகப் பதித்துவிடும்போதுதான் கேடு விளைகிறது. வெப்பத்தால் ஈயம் வெடிக்கிறது. திருகலால் தடம் கிழிகிறது. ஒரு சிறு பாகத்தை மாற்றுவதற்கு முழுப் பலகையையும் கழற்ற நேர்கிறது. திருத்துவதற்கு ஆகும் நேரத்தின் கூலி, கருவியின் விலையை எட்டிப்பிடிக்கிறது. அப்போது வாடிக்கையாளர் கருவியை வீசிவிட்டுப் புதியதை வாங்குகிறார். இப்படி அமைப்பதால் யாருக்கு இலாபம் என்பதை விளக்கத் தேவையில்லை.

முதல் வகையினரின் புலம்பலில் இன்னொரு நஞ்சும் கலந்திருக்கிறது. "சீனர் வாங்கிவிட்டார்கள்" என்ற ஓலம் அது. முதலுக்கு நாடும் இல்லை, மொழியும் இல்லை. ஆங்கிலேய உடைமையில் இருந்த காலத்திலேயே மார்ஷலின் விலை குறைந்த கருவிகள் பல வியட்நாமில் தயாராயின. அவற்றைப் பொருத்திய ஆசியத் தொழிலாளியின் கைத்திறனில் குறை இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட வரைபடத்திலும் பாகத்திலும் தான் சிக்கனம் புகுத்தப்பட்டது. கைகளின் நிறத்தைக் காட்டிக் கணக்கை மறைக்கும் இப்பேச்சை முற்போக்காளர் எவரும் ஏற்கலாகாது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பிறர் இலாபத்துக்குக் கொழுந்து பறித்த நம் மக்கள், இதைப் பிறரைவிட எளிதில் விளங்கிக்கொள்வார்கள்.

"மலையகத்துக்கும் மார்ஷலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று வாசகர் கேட்கக்கூடும். திருவிழாவிலும் திருமணத்திலும் வாசிக்கும் நமது இசைக்குழுக்களில் அத்தகைய விலையுயர்ந்த கருவிகள் அரிதே. மலிவான ட்ரான்சிஸ்டர் அம்பிளிபையர்களே பெரும்பாலும் பயன்படுகின்றன. நுவரெலியாவின் குளிரும் பனிமூட்டமும் குமிழ்களுக்குள் ஈரத்தை ஏற்றிக் கரகரவென்ற ஓசையை உண்டாக்குகின்றன. தோட்டத்தின் கடைசி லயத்துக்கு வந்து சேரும் மின்சாரம் ஏறியும் இறங்கியும் பாகங்களைச் சோதிக்கிறது. ஓரிரவு அம்பிளிபையர் ஊமையானால் ஒரு குழுவின் அன்றைய கூலி போயிற்று. ஆகவே ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு சிறு கடைக்குள் ஈயச்சூட்டுக்கோலுடன் குனிந்திருக்கும் மனிதர், அக்குழுவினரின் பிழைப்புக்கு ஆதாரமானவர்.

ஆனால் சம்பந்தம் இதனினும் பழையது. மலைநாட்டுக்குள் அம்பிளிபையர் நுழைவதற்கு நெடுங்காலம் முன்பே மார்ஷல் என்ற பெயர் இங்கே வந்துவிட்டது. அது வேறொரு மார்ஷல். இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரில் 1848இல் தொடங்கிய மார்ஷல் சன்ஸ் அன்ட் கம்பனி, நீராவி இயந்திரங்களோடு தேயிலை இயந்திரங்களையும் வார்த்தது. அசாமில் 1872இல் தேயிலை உருட்டும் இயந்திரத்தை அமைத்த வில்லியம் ஜாக்சனின் உருவரைகளைக் கொண்டு அந்தக் கம்பனி செய்த ரோலர்களும் டிரையர்களும் இலங்கைத் தொழிற்சாலைகளுக்கும் வந்தன. அவற்றோடு போட்டியிட்டு உள்நாட்டிலும் உற்பத்தி நடந்தது. 1880இல் ஜோன் வோக்கர் கம்பனி செய்த ரோலர் தொலஸ்பாகையின் வின்ட்சர் பொரெஸ்ட் தோட்டத்துக்கு விற்கப்பட்டது. பின்னர் கெயின்ஸ்பரோ மார்ஷலும் தப்பவில்லை. 1936இல் தோமஸ் வோர்ட் என்னும் கம்பனி அதை வாங்கிக்கொண்டது. அதன் பழைய ஆலை வளவில் 2007இல் கடைத்தொகுதி ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு இட்ட பெயர் 'மார்ஷல்ஸ் யார்ட்'. ஆலை போயிற்று, ஆள் போயிற்று, பெயர் மட்டும் வியாபாரத்துக்குப் பயன்படுகிறது.

செய்த கம்பனி மறைந்தபின் இத்தகைய இரும்பு ரோலர்களை ஓடவைத்தவர் யார்? நமது ஸ்டோர்களில் வேலை செய்த மெக்கானிக்குகளும் பிட்டர்களும் தான். மேசையில் தேய்ந்துபோன பித்தளைக் கட்டைகளை மறுபடி வார்த்துப் பொருத்தினார்கள். தாங்கியின் ஓசையைக் கேட்டே தேய்மானத்தைக் கணித்தார்கள். ரோலரின் அழுத்தம் பிசகினால் கொழுந்து நசுங்கும். தேநீரின் சுவை கெடும். ஏலத்தில் விலை விழும். கொழும்பில் தேயிலையைச் சுவைத்துப் பார்ப்பவரின் தீர்ப்புக்கு மதிப்பு உண்டு, சம்பளமும் உண்டு. அந்தச் சுவைக்கு அடிப்படையான இயந்திரத்தைச் செவியால் சோதித்தவரின் தீர்ப்பு ஏட்டில் ஏறவில்லை. மலையகத்தைப் பற்றி எழுதப்பட்ட கதைகளில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் கொழுந்துக் கூடையும் இடம்பெற்ற அளவுக்கு ஸ்டோரின் பட்டறை இடம்பெறவில்லை. இது நமது எழுத்தாளர் நிறைவு செய்யவேண்டிய குறை.

கைமாறுதல் என்றால் என்ன என்பதைத் தோட்டங்களே நமக்குக் கற்பித்திருக்கின்றன. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1992இல் அரசுத் தோட்டங்கள் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டு, முகாமை தனியாரிடம் சென்றது. ஒவ்வொரு தடவையும் வாயிலில் பலகை மாறியது. பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவது மாறவில்லை. லயத்தின் ஒழுகும் கூரையும் மாறவில்லை. தொழிலாளியின் கேள்வியும், அம்பிளிபையரைத் திறந்து பார்ப்பவரின் கேள்வியும் ஒரே தன்மையன: பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதன்று, உள்ளே என்ன மாறியிருக்கிறது என்பதே கேள்வி.

கந்தப்பளைக்கு மேலே ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை, வேலை நின்று பல்லாண்டு கிடந்தபின், 1996இல் உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாகத் திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்களுள் சிலவற்றைக் காட்சிக்காகப் பேணி வைத்திருக்கிறார்கள். இடித்துத் தள்ளாமல் காத்தது பாராட்டத்தக்கதே. ஆனாலும், உழைத்த இரும்பு அலங்காரமானபோது, அதை ஓட்டத் தெரிந்தவரின் அறிவும் அலங்காரப் பொருளாகிறது என்ற எண்ணம் உள்ளத்தை உறுத்தாமல் இராது. கெயின்ஸ்பரோவின் கடைத்தொகுதியும் கந்தப்பளையின் விடுதியும் ஒரே கதையின் இரு முனைகள்.

திருத்தும் தொழிலின் மதிப்பை நாடு முழுவதும் உணர்ந்த காலம் ஒன்று வந்தது. 2022இல் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த மாற்று விகிதம் சில வாரங்களில் 350 ரூபாவைத் தாண்டியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் முன்னரே நடைமுறையில் இருந்தன. மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரத்தை எட்டியது. புதிய பொருள் வாங்குவது எட்டாக் கனியாயிற்று. அக்காலத்தில் கைக்கு எட்டியது பழைய பொருளும் அதைத் திருத்தும் கையும் தான். ஆனால் ஒட்டி மூடப்பட்டு, வரைபடம் மறைக்கப்பட்டு, பாகம் விற்கப்படாத கருவியின் முன் அந்தக் கையும் செயலற்று நின்றது. மின்கலம் செத்தவுடன் முழுப் பெட்டியும் குப்பையாகும் வகையில் அமைந்த சிறு ஒலிபெருக்கிகள் இன்று நம் வீடுகளில் எத்தனை! ஒரு நிறுவனம் கைமாறும்போது, இலாபம் மேடைக் கருவியிலிருந்து இத்தகைய பெட்டிகளின் பக்கம் சாய்கிறதா என்று தொழிலாளர் கேட்பதன் பொருள் இதுவே.

இவ்வளவு சொன்னபின் அவர்களின் பார்வையிலுள்ள குறைகளையும் சொல்லவேண்டும். முதலாவது, பழமை மீதுள்ள மயக்கம். பழைய கருவிதான் உயர்ந்தது என்ற பேச்சு பரவப் பரவ, பழைய அம்பிளிபையர்கள் செல்வந்தரின் சேமிப்புப் பொருளாகிவிட்டன. தோட்டத்து இளைஞர் அவற்றைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது. இசைக்கென்று பிறந்த கருவி கண்ணாடிப் பெட்டிக்குள் உறங்குவதற்குத் திருத்துவோரின் புகழுரையும் ஒரு காரணம். இரண்டாவது, அறிவைத் தனிச்சொத்தாக்கும் போக்கு. நுணுக்கத்தைச் சீடனுக்குக்கூடச் சொல்லாமல் மறைக்கும் பழக்கம் நம் பட்டறைகளிலும் உண்டு. நிறுவனம் வரைபடத்தை மறைப்பது தவறென்றால், திருத்துபவர் வித்தையை மறைப்பது எவ்வாறு சரியாகும்? மூன்றாவது, இவர்கள் தனித்தனியே முறையிடுகின்றனர். தனிமனிதனின் முறையீட்டுக்குச் சந்தை செவிசாய்த்ததாக வரலாறு இல்லை.

சட்டமாக எழுந்த கோரிக்கைக்கே பயன் கிடைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய மின்கல ஒழுங்குவிதி, கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றக்கூடியவாறு அமைக்கவேண்டும் என்கிறது. 2024இல் குறிப்பிட்ட சில பொருள்களைத் திருத்திப் பெறும் உரிமை குறித்தும் அங்கே சட்டம் இயற்றப்பட்டது. அங்குள்ள நுகர்வோருக்குக் கிடைக்கும் இந்த உரிமை, கூலியின் பெரும்பகுதியைத் தவணைப் பணமாகக் கட்டிப் பொருள் வாங்கும் நம் மக்களுக்கு இன்னும் கூடுதலாகத் தேவை. நிறுவனம் யார் கைக்கு மாறினாலும், விற்ற பொருளின் வரைபடமும் உதிரிப் பாகமும் குறித்த காலம்வரை கிடைக்கவேண்டும் என்பது வாங்குபவரின் கடப்பாடாக விதிக்கப்படவேண்டும். கம்பனியை வாங்குபவர் அதன் கடனையும் ஏற்கிறார் அல்லவா? பொருளை நம்பி வாங்கிய மக்களுக்கு அது பட்டிருக்கும் கடன் மட்டும் ஏன் தள்ளுபடியாகவேண்டும்?

நமது ஊர்களில் செய்யக்கூடியதும் உண்டு. ஸ்டோரில் முதுமை எய்திய மெக்கானிக்கின் அறிவையும், ரேடியோ திருத்திப் பழகியவரின் குறிப்பேட்டையும் இளைஞர் எழுதிவைக்கட்டும். தொழிற்சங்கமும் வாசிகசாலையும் அதற்கு இடமளிக்கட்டும். இன்னொரு பெயர் விலைபோகும் நாள் விரைவில் வரும். அன்று முதலீட்டாளரின் அறிக்கையைப் படித்துவிட்டு, பக்கத்துத் தெருவில் அந்தப் பொருளைத் திறந்துவைத்துக்கொண்டிருப்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்போமாக.